வீட்டு வீடியோவுக்கு எந்த எடிட்டர்? பதிவிறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிறந்தநாள் வீடியோவைத் தொகுக்க உட்காருபவர் முதலில் "சிறந்த இலவச எடிட்டர் எது" என்று தேடுவார். பத்துப் பதினைந்து பெயர்கள் வரும், ஒவ்வொன்றின் கீழும் வசதிகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையே படாது. வேண்டாத பகுதியை வெட்டுவது, துண்டுகளை வரிசை மாற்றுவது, நடுவே புகைப்படம் வைப்பது, தலைப்பு எழுதுவது, பின்னணி இசை சேர்ப்பது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, சாய்ந்துபோன காட்சியை நிமிர்த்துவது, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுப்பது: வீட்டு வீடியோவின் வேலை இவ்வளவுதான். இவற்றைச் செய்யத் தெரியாத எடிட்டர் இன்று அரிது.

அதனால் வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் போன் பதிவு செய்யும் கோப்பு எப்படிப்பட்டது, அதைத் திறக்கப்போகும் கணினிக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்ற இரண்டும்தான் எது ஒத்துவரும் என்பதை முடிவு செய்கின்றன.

எடிட்டரே தேவையில்லாத வேலைகள்

முன்னும் பின்னும் கொஞ்சம் வெட்டினால் போதும் என்றால் எதையும் நிறுவ வேண்டாம். போனின் கேலரியிலேயே வெட்டும் வசதி இருக்கிறது. மேக்கில் குயிக்டைம் பிளேயரில் கோப்பைத் திறந்து கமாண்ட்-டி அழுத்தினால் மஞ்சள் சட்டம் வரும். இரண்டு முனைகளையும் இழுத்துச் சேமித்துவிடலாம்.

ஒரு மணி நேரப் பதிவிலிருந்து ஐந்து நிமிடத்தை மட்டும் எடுக்க லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் அருமையானது. வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்கிப் பதியாமல்) அப்படியே நறுக்கித் தருவதால் சில நொடிகளில் வேலை முடியும், தரமும் குறையாது. ஆனால் இந்த முறையில் வெட்டு கீஃப்ரேம் (இடையிடையே முழுமையாகச் சேமிக்கப்படும் படம்) இருக்கும் இடத்தில்தான் விழும். நீங்கள் குறித்த இடத்துக்கு ஒன்றிரண்டு நொடி முன்னதாகவே துண்டு தொடங்கலாம். அது மென்பொருளின் கோளாறு அல்ல, மறு என்கோட் இல்லாமல் வெட்டுவதற்குக் கொடுக்கும் விலை.

உங்கள் கோப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவசக் கருவியில் உங்கள் போன் எடுத்த வீடியோ ஒன்றைத் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரெசல்யூஷன் (படத்தின் அகல உயர அளவு), ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள்), அந்த ஃப்ரேம் ரேட் நிலையானதா மாறக்கூடியதா, கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) எச்.264-ஆ எச்இவிசியா. எடிட்டரைப் பற்றி எழும் புகார்களில் பெரும்பகுதிக்கு வேர் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

மாறும் ஃப்ரேம் ரேட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைந்தாலோ, சூடேறினாலோ போன் நொடிக்கு 30 படங்கள் எடுக்காமல் 29, 28 என்று இறங்கும், பிறகு ஏறும். ஒலி மட்டும் சீராகப் பதிவாகிக்கொண்டிருக்கும். இதைக் கவனிக்காத எடிட்டர், எல்லாப் படங்களையும் நொடிக்கு 30 என்று அடுக்கிவிடும். 10 நிமிடப் பதிவில் சராசரி 29.95 என்றால் மொத்தம் 17,970 படங்கள். 30 வீதம் அடுக்கினால் அவை 599 நொடியில் முடிந்துவிடும், ஒலியோ 600 நொடி ஓடும். தொடக்கத்தில் உதடும் பேச்சும் சரியாகப் பொருந்தி, கடைசியில் ஒரு நொடி விலகி நிற்பது இப்படித்தான். ஒலியைக் கையால் நகர்த்திச் சரிசெய்ய முயன்றால் முடிவு சரியாகும், தொடக்கம் கெடும்.

தீர்வு, எடிட்டருக்குள் கொண்டுபோகும் முன்பே கோப்பை மாற்றிவிடுவது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ தாவலுக்குப் போய் ஃப்ரேம் ரேட்டை 30 என்று வைத்து, "கான்ஸ்டன்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 18 முதல் 20-க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

எச்இவிசி, அதாவது எச்.265, பாதி இடத்தில் அதே தரத்தை அடைக்கும் உத்தி. அந்தச் சுருக்கத்தைப் பிரித்துக் காட்டப் பழைய கணினி திணறும். விண்டோஸின் சொந்த ஆப்கள் இதைத் திறக்கத் தனி நீட்டிப்பும் கேட்கலாம். ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும். ஐபோனில் கேமரா அமைப்புகளின் ஃபார்மட்ஸ் பகுதியில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்று மாற்றினால் இனி எடுப்பவை எச்.264-ஆக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு ஹேண்ட்பிரேக்தான்.

எடிட்டரில் போட்டதும் வெள்ளைச் சட்டையெல்லாம் பளீரென்று வெளுத்துத் தெரிந்தால் போன் எச்டிஆரில் (வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகப் பதியும் முறை) பதிவு செய்திருக்கிறது என்று பொருள். வீட்டு வீடியோவுக்கு எச்டிஆரை அணைத்துவிடுவதே நல்லது. பார்ப்பவர்களின் திரைகள் ஒவ்வொன்றும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

கணினியின் தெம்பு

1080பி (1920×1080) வீடியோவுக்கு 8 ஜிபி ரேம் போதும். 4கே (3840×2160) என்றால் 16 ஜிபி இருப்பது நல்லது. ரேமைவிடப் பலர் மறப்பது வட்டில் காலி இடம். ஐபோனில் 4கே, 30 ஃப்ரேம், எச்இவிசியில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி ஆகும். ஒரு மணி நேரப் பதிவு 10 ஜிபியைத் தாண்டிவிடும். மூலக் கோப்புகள் எடுக்கும் இடத்தைப் போல இன்னொரு மடங்கு காலியாக இருக்கட்டும். எக்ஸ்போர்ட் (தொகுத்ததை ஒரே கோப்பாக எடுப்பது) 90 சதவீதத்தில் நின்றுபோவதற்கு வட்டு நிறைந்துவிடுவதும் ஒரு பொதுவான காரணம்.

கணினி திணறினால் புதியது வாங்குவதற்கு முன் ப்ராக்ஸி வசதியைத் தேடுங்கள். மூல வீடியோவுக்கு ஒரு சிறிய நகல் எடுத்து, தொகுக்கும்போது அதைக் காட்டி, எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் மூலத்தைப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் மூன்றிலும் உண்டு. பழைய மடிக்கணினியில் 4கே வீடியோவைத் தொகுப்பவருக்கு மற்ற எல்லா வசதிகளையும்விட இது பெரிது.

எது யாருக்கு

மேக் வைத்திருப்பவர் ஐமூவியிலேயே தொடங்கலாம், வேறு யோசனை வேண்டாம். இலவசம், வாட்டர்மார்க் (வீடியோமேல் விழும் மென்பொருளின் முத்திரை) இல்லை. ஒரு துண்டை நீக்கினால் அடுத்தது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். குறைகளும் உண்டு. டைம்லைனில் (துண்டுகளை அடுக்கும் பட்டையில்) முதலில் போடும் கிளிப்பின் ரெசல்யூஷனும் ஃப்ரேம் ரேட்டும்தான் முழு ப்ராஜெக்டுக்கும் அமையும். பழைய சிறிய வீடியோ ஒன்றை முதலில் போட்டுவிட்டு, "4கே எக்ஸ்போர்ட் ஏன் வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். நல்ல தரமுள்ள கிளிப்பை முதலில் போடுங்கள், வரிசையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, மேக் ஐமூவியின் வழக்கமான ப்ராஜெக்ட் 16:9 அகல வடிவம்தான். நிமிர்ந்த 9:16 வீடியோதான் உங்கள் நோக்கம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

விண்டோஸ் 11-இல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் இதை 2021-இல் வாங்கியது. இலவசமாகவே 1080பி வரை வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம், 4கே வேண்டுமென்றால் கட்டணம். உள்ளே ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டாக் படங்களிலும் இசையிலும் கட்டணக் குறி உள்ளவற்றைத் தொடாதீர்கள். தொட்டால் எக்ஸ்போர்ட் நேரத்தில் பணம் கேட்கும். குறுகிய வீடியோக்களுக்கு நன்றாக ஓடும். நீண்ட பதிவுகள் பல சேர்ந்தால் மந்தமாகிவிடும்.

ஷாட்கட் முழுக்க இலவசமான திறந்தமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மாறும் ஃப்ரேம் ரேட் உள்ள கோப்பைத் திறந்தால் அதுவே கண்டுபிடித்து, தொகுப்பதற்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். மேலே சொன்ன ஒலி விலகல் தொல்லை இந்த ஒரு கேள்வியோடு தீர்ந்துவிடும், எனவே அந்தச் சாளரத்தை அவசரத்தில் மூடிவிடாதீர்கள். முதல் நாள் குழப்பம் ஒன்று உண்டு. கோப்பைத் திறந்தால் அது பிளேயரில் ஓடும், டைம்லைனுக்கு வராது. நீங்கள்தான் இழுத்துப் போட வேண்டும். எஸ் விசை வெட்டும். எக்ஸ் விசை துண்டை நீக்கி இடைவெளியையும் மூடும். இசட் விசை துண்டை மட்டும் நீக்கி இடைவெளியை விட்டுவைக்கும். கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால்தான் பல வீட்டு வீடியோக்களில் நடுநடுவே கறுப்புத் திரை வந்துபோகிறது.

கேடென்லைவும் இலவசம்தான், ஷாட்கட்டைவிடச் சற்று விரிவானது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு நல்ல தேர்வு. ப்ராஜெக்டின் முந்தைய நிலைகளைத் தானாகவே காப்பு எடுத்து வைப்பது இதன் பெரிய பலம். ஓப்பன்ஷாட் பார்க்க எளிமையாக இருக்கும், ஐந்து நிமிட வீடியோவுக்குச் சரி. அதற்கு மேல் போகும் திட்டம் இருந்தால் முதலிலேயே ஷாட்கட்டைக் கற்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

டாவின்சி ரிசால்வைப் பற்றி எல்லாரும் புகழ்ந்து பேசுவார்கள். நியாயமான புகழ்தான். இலவசப் பதிப்பிலேயே வாட்டர்மார்க் இல்லாமல் 3840×2160 வரை எடுக்கலாம். ஆனால் வருடத்துக்கு மூன்று வீடியோ செய்பவருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. கட், எடிட், ஃபியூஷன், கலர், ஃபேர்லைட் என்று பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். டைம்லைனின் ஃப்ரேம் ரேட்டை வேலை தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்ற விடாது. லினக்ஸில் இலவசப் பதிப்பு போன்களின் எச்.264, எச்.265 வீடியோவைத் திறக்கவே திறக்காது. இந்தக் கலையில் ஆர்வம் வளர்ந்து, மாதாமாதம் எடிட் செய்யப்போகிறவர் மட்டும் இதில் இறங்கலாம்.

போனிலேயே முடித்துவிட நினைப்பவர்களுக்கு விஎன், இன்ஷாட், கைன்மாஸ்டர், கேப்கட் எனப் பல உண்டு. கைன்மாஸ்டரும் இன்ஷாட்டும் இலவச நிலையில் தங்கள் முத்திரையைப் பதிக்கும். கேப்கட் சில நாடுகளில் கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும் எந்த எஃபெக்ட் இலவசம், எது கட்டணம் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அதுவே ஒட்டும் முடிவுக் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடலாம். ஒரு நிமிட, இரண்டு நிமிட வீடியோவுக்குப் போன் தாராளமாகப் போதும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் சிறு திரையில் விரலால் வெட்டுப்புள்ளியைப் பிடிப்பது பொறுமையைச் சோதிக்கும்.

குழந்தைகள் இருக்கும் வீடியோ என்றால், கோப்புகளைத் தன் சர்வருக்கு ஏற்றுகிற எடிட்டரைவிட, எல்லாவற்றையும் உங்கள் கருவிக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் எடிட்டர் மேல்.

பதிவிறக்கும்போது

விண்டோஸ் மூவி மேக்கரைப் பலர் இன்னும் தேடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் பதிவிறக்கக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய மூவி மேக்கர் அல்ல. எதுவானாலும் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ, கருவியின் அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள்.

"இலவசம்" என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் இருக்கின்றன: முழுக்க இலவசம், சில வசதிகளுக்கு மட்டும் கட்டணம், எல்லாம் செய்யலாம் ஆனால் எக்ஸ்போர்ட்டில் வாட்டர்மார்க் விழும். ஃபில்மோராவின் இலவசப் பதிப்பு மூன்றாவது வகை. ஐந்து மணி நேரம் உழைத்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதுதான் கொடுமை.

ஒரு மணி நேரச் சோதனை

எனவே உண்மையான வேலையில் இறங்கும் முன் சிறிய ப்ராஜெக்ட் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். உங்கள் போனில் எடுத்த வீடியோ மூன்று, அவற்றில் ஒன்று குறைந்தது பத்து நிமிடம் ஓடுவதாக இருக்கட்டும். ஒரு புகைப்படம், ஒரு பாட்டு, ஒரு தலைப்பு. இவற்றை வைத்து இப்படிச் செய்யுங்கள்:

1. நீண்ட வீடியோவின் நடுவில் ஒரு நிமிடத்தை வெட்டி நீக்குங்கள். இடைவெளி தானாக மூடுகிறதா, நீங்கள் மூட வேண்டுமா?
2. இரண்டு கிளிப்களுக்கு நடுவே அரை நொடி டிரான்சிஷன் (ஒரு காட்சி அடுத்ததில் கலந்து மாறுவது) வையுங்கள். ஏற்க மறுத்தால், அல்லது படம் உறைந்து நின்றால், கிளிப்பின் முனையில் மிச்சம் இல்லை என்று பொருள். இரண்டு காட்சிகளும் கலக்க, வெட்டுக்கு அப்பாலும் சில ஃப்ரேம்கள் இருந்தாக வேண்டும். இரண்டு முனைகளையும் ஒரு நொடி உள்ளே தள்ளி வெட்டினால் சரியாகும்.
3. பேச்சுக்குக் கீழே பாட்டைப் போடுங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள், பாட்டு மைனஸ் 20-க்கும் கீழே இருக்கட்டும். மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழியும்.
4. தமிழில் தலைப்பு எழுதுங்கள்.
5. சேமித்து, மூடி, மறுபடி திறங்கள். பிறகு எக்ஸ்போர்ட் செய்து டிவியில் கடைசிவரை பாருங்கள். முக்கியமாக நீண்ட கிளிப்பின் கடைசி நிமிடத்தில் உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா?

ஒரு மணி நேரத்துக்குள் இது முடியவில்லை என்றால் அந்த மென்பொருள் உங்களுக்கானது அல்ல. வேறொன்றுக்குப் போங்கள்.

தமிழ்த் தலைப்பு

நான்காம் படியைத் தனியாகப் பேச வேண்டும். பிற மொழியில் எழுதிய ஒப்பீடுகளில் பொதுவாக இதைப் பார்க்க முடியாது. சில எடிட்டர்களின் தலைப்புப் பகுதி தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாதது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகித் தெரியும், புள்ளிகளால் ஆன வட்டம் முளைக்கும். "கொண்டாட்டம்", "கௌரி", "ஸ்ரீ" ஆகிய மூன்றையும் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறும் கட்டங்கள் மட்டும் வந்தால் சிக்கல் சிறியது. அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ-க்கு மாற்றுங்கள்.

எழுத்தெழுத்தாகத் தோன்றும் தட்டச்சு அசைவைத் தமிழுக்கு வைக்காதீர்கள். மென்பொருள் "கு" என்பதைக் ககரமாகவும் உகரக் குறியாகவும் இரண்டாகப் பிரித்து எண்ணும். முதலில் "க" தோன்றி, பிறகு "கு" ஆகும். முழுத் தலைப்பும் மெல்லத் தெளிந்து வரும் ஃபேடு போதும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் பவர்பாயின்ட்டில் ஓர் உரைப்பெட்டியில் தலைப்பை எழுதி, பெட்டியின் மேல் வலது சொடுக்கில் படமாகச் சேமித்து, பிஎன்ஜியைத் தேர்ந்தெடுங்கள். பின்னணி இல்லாத படமாக அது கிடைக்கும். அதை வீடியோவுக்கு மேல் டிராக்கில் வைத்தால் எந்த எடிட்டரிலும் தமிழ் உருக்குலையாது. எழுத்தைப் பெரிதாக வைத்தே சேமியுங்கள். சிறியதை எடிட்டரில் இழுத்துப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும்.

கோப்புகளும் எக்ஸ்போர்ட்டும்

எடிட்டர் சேமிக்கும் ப்ராஜெக்ட் கோப்பு பொதுவாகச் சில நூறு கேபிதான் இருக்கும். அதற்குள் வீடியோ இல்லை. எந்த வீடியோ எங்கே இருக்கிறது, எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே உண்டு. மூல வீடியோவை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலோ, பெயரை மாற்றினாலோ, பென்டிரைவைப் பிடுங்கினாலோ எடிட்டரால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். வேலை தொடங்கும் முன்பே ஒரு ஃபோல்டர் போட்டு வீடியோ, படம், இசை எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுத்து, அங்கிருந்து மட்டும் இழுத்துப் போடுங்கள். ரிசால்வ் ப்ராஜெக்டைத் தன் உள் நூலகத்தில் வைத்துக்கொள்ளும். வேறு கணினிக்குக் கொண்டுபோக ப்ராஜெக்டைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

முடிந்த வீடியோவுக்கு எம்பி4, எச்.264, ஏஏசி ஒலி என்ற கூட்டணி எங்கும் ஓடும். ஃப்ரேம் ரேட்டை மூலத்தில் உள்ளபடியே விடுங்கள். 30-ஐ 60 ஆக்கினால் கோப்புதான் பெரிதாகும், புதிதாக எந்த அசைவும் கிடைக்காது. 1080பி, 30 ஃப்ரேமுக்கு நொடிக்கு 8 மெகாபிட் நல்ல அளவு. அதாவது நிமிடத்துக்கு 60 எம்பி, பத்து நிமிடத்துக்கு 600 எம்பி. குழந்தைகள் ஓடியாடும் காட்சி, நீர், இலைகள் அதிகம் இருந்தால் 12 வரை ஏற்றலாம். 4கே என்றால் 35-இலிருந்து தொடங்குங்கள்.

டிவியில் பார்க்கப் பென்டிரைவில் நகலெடுக்கும்போது, இடம் இருந்தும் "கோப்பு மிகப் பெரிது" என்று வந்தால் அது ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. டிவி ஏற்றுக்கொண்டால் எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்யலாம் (உள்ளே இருப்பதெல்லாம் அழியும்), இல்லாவிட்டால் வீடியோவை இரண்டு பாகமாக எடுக்கலாம். மெசேஜ் ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை நசுக்கும், ஆவணமாக இணைத்தால் நசுக்காது. யூடியூபில் போடுவதாக இருந்தால் சினிமாப் பாட்டைத் தவிர்த்து, அதன் ஆடியோ லைப்ரரியிலிருந்தே இசையை எடுங்கள். உரிமைக் கோரிக்கை வந்தால் ஒலி அடைபடலாம், சில இடங்களில் வீடியோவே தெரியாமல் போகலாம்.

ஒரு எடிட்டரின் ப்ராஜெக்டைப் பொதுவாக இன்னொரு எடிட்டர் திறக்காது. நாளை மென்பொருளை மாற்றினால் இன்றைய டைம்லைன் கூட வராது. முடித்த எம்பி4-ஐயும் மூல வீடியோக்களையும் இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ராக்ஸி, கேஷ் (எடிட்டரின் தற்காலிகக்) கோப்புகளைத் தாராளமாக அழிக்கலாம், அவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாகும்.